இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

அண்ணன் கப்பலிலிருந்து அனுப்பிய ஒரு கேசட்டால்தான் எல்லாம் வந்தது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேசட் என்ன செய்யும்? அது பாட்டுக்கு டப்பாவில் கிடந்தது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. தெருவில் பாதி ஆண்கள் சங்கு குளிக்கப் போகிறவர்கள், பாதிப் பேர் கொழும்புக்குத் தோணியில் போகிறவர்கள். என் அண்ணன் ஒருத்தன்தான் வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் துடைக்கிற வேலைக்குப் போயிருந்தான். ஊருக்கு வருகிற ஆள் கையில் சோப்பு, சாக்லேட், ஒருமுறை யாருக்கும் பொருந்தாத ஒரு மழைக்கோட்டு என்று எதையாவது கொடுத்தனுப்புவான். அந்த வருஷம் நவம்பரில் ஒரு டேப் ரிக்கார்டரும் கேசட்டும் வந்தன. கூடவே ஒரு கடிதம்.

ஆணும் பெண்ணுமாக இரண்டே பேர் பாடுகிற ஆல்பம், இப்போதுதான் புதிதாக வந்தது என்று எழுதியிருந்தான். லண்டனில் பையன்கள் கன்னத்தில் ஊக்கு குத்திக்கொண்டு, சட்டையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு கத்துகிறார்களாம், அதற்குப் பங்க் என்று பெயராம். இன்னொரு பக்கம் கிளப்புகளில் டிஸ்கோ ஆடுகிறார்களாம். இந்த இரண்டு பேரும் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள், ஆடுகிறவனும் கேட்கிறான், சண்டைக்கு நிற்கிறவனும் கேட்கிறான் என்று எழுதியிருந்தான். ஊக்கு விஷயத்தை வாசித்ததும், அந்த ஊரில் பித்தானே கிடைக்காதா என்று அம்மா கேட்டாள்.

கேசட்டை எடுத்துக்கொண்டு நான் ஓடியது மூன்று வீடு தள்ளி இருந்த அத்தை வீட்டுக்கு. அத்தை என் அப்பாவின் அக்கா. அவள் மகள் எனக்கு மதினி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நாங்கள் இரண்டு பேரும் கான்வென்டில் படித்த காலத்திலிருந்தே சேர்ந்து பாடுகிறவர்கள். கோவில் பாடற்குழுவில் தொடங்கி, பிறகு கல்யாண ரிசப்ஷன்களில் ஆண்கள் நடத்துகிற பேண்டில் ஓரமாக நின்று பாடினோம். அவள் பாடுவாள், நான் கோவிலில் இரவல் வாங்கிய கிட்டார் அடிப்பேன். எனக்கு விரல் வைக்கத் தெரிந்தது நாலு கார்டுதான், ஆனால் அந்த நாலையும் பயமில்லாமல் அடிப்பேன். தெருவில் எங்களை ரெட்டைமாடு என்பார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்த நாலாம் நாள் ஒரு கப்பல் ஏஜெண்டு மகளின் ரிசப்ஷனில் எங்களுக்கென்றே தனியாகக் கால்மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பேண்ட் இல்லாமல், ஆண்கள் இல்லாமல், நாங்கள் இரண்டே பேர். என் வாழ்க்கையில் அதற்கு முன்பு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அப்போது பார்த்து இரண்டு பேர் பாடுகிற ஆல்பம் கையில் வந்து விழுந்தால் மனசு என்ன பாடுபடும்.

முதல் பாட்டு முடிந்ததும் மதினி என்னைப் பார்த்து, "இவ ஆடுததுக்குப் பாடுதாளா, அடிக்க வாராளா?" என்றாள். சரியான கேள்விதான். அடியில் தாளம், கல்யாண வீடுகளில் ஆடுகிற நம்முடைய பைலா மாதிரி இடுப்பை இழுத்தது. அதற்கு மேலே அந்தப் பெண் பாடவில்லை, திட்டினாள். இடையிடையே தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல். எங்கள் பாடற்குழு சிஸ்டர் கேட்டிருந்தால் மூன்று நாள் உபவாசம் இருந்திருப்பார்.

அத்தையின் புருஷன், என் மாமா, தோணித் தண்டல். தோணிக்கு கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. வீட்டில் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். அவர் குளித்துவிட்டு வந்தவர் பாட்டைக் கேட்டுக் கைலியை மடித்துக் கட்டி இரண்டு எட்டு ஆடினார். தாளம் நல்லாத்தான் இருக்கு, யாராவது அந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி கொடுங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அத்தை சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாள். எதையுமே சத்தம் போட்டுச் செய்யமாட்டாள். அந்த வீட்டில் சத்தமெல்லாம் மாமாவின் பங்கு.

மதினிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் பக்கத்துப் பாட்டுகளை முழுதாகப் படித்து முடித்தால்தான் கேசட்டைத் திருப்பலாம் என்றாள். எனக்கு இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கை அரித்தது. ஆனாலும் அவள் பேச்சை மீறவில்லை. பத்து நாள் முதல் பக்கத்தையே போட்டுப் போட்டு, இரண்டு பாட்டை நம்முடைய பைலாவோடு ஒட்டவைத்துத் தமிழில் ஏதோ எழுதியும் விட்டோம்.

அப்போதுதான் மாமாவின் தோணி புறப்பட்டது. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் மூன்று தோணிகள் கொழும்புக்குப் போயின. மறுநாள் இரவு காற்று திரும்பியது. ஐந்தாம் நாள் இரண்டு தோணிகள் கொழும்பு சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மூன்றாவதைப் பற்றி ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோணி ஒன்று நாள் தவறினால், தண்டல் வீட்டில் முதலில் ரேடியோவை அணைப்பார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க ரேடியோ நின்றுவிடும். முக்கு டீக்கடை அண்ணாச்சி சிலோன் பாட்டு போடாமல் டீ ஆற்றுவார். கல்யாண வீடு இருந்தால் ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றி இறக்குவார்கள். இந்த அமைதி முடிவதற்கு இரண்டே வழி. ஆள் வந்துவிட்டால் கஞ்சி கொடுப்பதற்கு முன்பே அந்த வீட்டில் ரேடியோவைச் சத்தமாகத் திருப்பிவிடுவார்கள். அதுதான் சேதி. தெரு ஓடிவரும். ஆள் வரமாட்டான் என்று ஆகிவிட்டால், தண்டலின் மனைவி கோவிலுக்குப் போய் சாவு மணி அடிக்கச் சொல்ல வேண்டும். அவளைத் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாது, எப்போது கேட்கப் போகிறாய் என்று அவளிடமும் கேட்கக் கூடாது. தோணியில் போன மற்றவர்களின் வீடுகளும் அவளைப் பார்த்துத்தான் இருக்கும். அவள் மணி கேட்காதவரை எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஒரு தோணி லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கி, முப்பத்தைந்து நாள் கழித்து எல்லாரும் தாடியோடு வந்து இறங்கிய கதை தெருவில் உண்டு. அத்தை அந்த முப்பத்தைந்தைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பூசை, பிறகு ஏஜெண்டு ஆபீஸ், மத்தியானம் இரண்டு வாய் சோறு, மூன்று மணிக்கெல்லாம் கடற்கரை. பொழுது சாயும்வரை மற்ற பெண்களோடு அங்கே உட்கார்ந்திருப்பாள். அழுததை நான் பார்க்கவில்லை.

இப்போது என்னைப் பற்றி. மாமாவை நினைத்து அழுதேன், பொய்யில்லை. அழுது முடித்த பிறகு ரிசப்ஷனையும் நினைத்தேன். நாட்களை எண்ணினேன். டிசம்பர் பாதி தாண்டிவிட்டது. கேரல் பாட்டுகூடக் கேட்காத தெருவில் கிட்டாரை எப்படித் தொடுவது? கடலுக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று எரிச்சல் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வருவதானால் வந்துவிடட்டும், இல்லையென்றால் இல்லை என்று தெரிந்துவிடட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்த உடனே பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன். சிலுவை போட்டால் நினைத்தது இல்லையென்று ஆகிவிடுமா?

தோணி போன பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. அத்தை கடற்கரைக்குப் போனபிறகு டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். அவள் மாமாவின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாகப் போடுகிறாள் என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வந்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தை ஒரே ஒரு தடவை, சின்னச் சத்தத்தில், நம் இரண்டு பேர் காதுக்கு மட்டும் கேட்கலாமா என்று கேட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்து என்றாள்.

சாமான் அறையில் தரையில் உட்கார்ந்தோம். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன். ஏதோ கடிகாரம் ஓடுகிற மாதிரி ஒரு டிக்டிக், அதன் மேல் அந்தப் பெண் ரகசியம் பேசுகிற மாதிரி என்னவோ முனகினாள். வார்த்தை பிடிபடவில்லை. ஸ்பீக்கரில் இரண்டு பேரும் காதை வைத்தோம், எங்கள் நெற்றி முட்டிக்கொண்டது. இன்னும் கூட்டினேன். "மழ… வாசல்…" என்று மதினி இங்கிலீஷைத் தமிழாக்கிக்கொண்டே வந்தாள். டான்ஸ் நடக்கிற ஏதோ கட்டிட வாசலில் மழையில் நிற்கிறாள், காவல்காரன் உள்ளே விடவில்லை. இவ்வளவுதான் பாட்டு. நான் இன்னொரு சுற்றுக் கூட்டினேன்.

அப்போது தாளம் விழுந்தது. மொத்தமும் ஒன்றாக, தகர ஷெட்டின் மேல் தேங்காய்க் குலை விழுந்த மாதிரி. அதற்கு மேலே அவள் கத்தினாள். முதல் பக்கத்தில் கத்திய கத்தல் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

பட்டனை அமுக்கப் போனேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விடுங்க மதினி என்றேன். அவள் விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாயைத் திறந்து அந்தப் பெண்ணோடு சேர்ந்து கத்தினாள். பாட்டில்லை அது. பத்தொன்பது நாள் சாத்தி வைத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். என் கையில் நகம் பதிந்திருந்தது, இரண்டு நாள் போகவில்லை.

பிறகு வெளியே கதவுகள் திறக்கும் சத்தம். அதற்குப் பிறகு கால்கள்.

நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அந்தக் கால் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. தண்டல் வீட்டில் பாட்டு கேட்டால் தோணி வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் அது என்ன பாட்டு என்று கேட்கப் போவதில்லை. முதலில் வந்தவள் எதிர்வீட்டு அக்காள். அவள் புருஷனும் அதே தோணியில் போனவன். மீன் கழுவிய கையோடு ஓடி வந்து வாசலில் நின்று, "வந்துட்டாவளா? எல்லாரும் வந்துட்டாவளா?" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க வந்தது. டீக்கடை அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் யாரோ கடற்கரைக்கு ஓடிப்போய் அத்தையிடம் சொல்லிவிட்டார்கள்.

அத்தை ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. முகமெல்லாம் சிரிப்பு. வாசலுக்கு வந்தவள் உள்ளே நுழையவில்லை. ஒரு நிமிஷம் நின்று, இடுப்பிலிருந்த லேஞ்சியை எடுத்து முகத்து வியர்வையை ஒற்றினாள், சேலையை இழுத்துச் சரிசெய்தாள், நெற்றியில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பிறகுதான் உள்ளே வந்து, "எங்கன? உள்ளயா இருக்காவ?" என்று கேட்டாள்.

ஆட்டத்துக்குப் போட்ட நீளப் பாட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான்தான் சொன்னேன்.

"மாமா வரல அத்த. நாந்தான் பாட்டு போட்டேன்."

யாரும் என்னைத் திட்டவில்லை. எதிர்வீட்டு அக்காள் தன் ஈரக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு திரும்பிப் போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு பிழைத்திருப்பேன். அண்ணாச்சி மட்டும் போகிற போக்கில் என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார், அது அதைவிட மோசமாக இருந்தது.

நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன். அத்தை, இருக்கட்டும் என்றாள். டேப் ரிக்கார்டருக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் இன்னொரு முறை கத்தினாள். அத்தை தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று கேட்பவள் மாதிரிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பொம்பளைக்கு யாரு வரல?"

மதினி என்னைப் பார்த்தாள். இங்கிலீஷ் படித்த இரண்டு பேர் நாங்கள். டான்ஸ் ஹால் வாசலில் உள்ளே விடாத கோபத்தில் கத்துகிறாள் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அவ புருசன்."

"எத்தன நாளாச்சாம்?"

"ரொம்ப நாளாச்சாம் அத்த."

அத்தை தலையை ஆட்டினாள். கேசட் முடிந்து பட்டன் டக்கென்று தானாக மேலே வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கை கால் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். கூட வருகிறேன் என்ற மதினியை வேண்டாம் என்றாள். பொழுது இருட்டுவதற்குள் மணி அடித்தது. தினமும் ஜெபத்துக்கு அடிக்கிற திருந்தாதி மணி இல்லை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சுவிட இடம் விட்டு அடிக்கிற மணி. எதிர்வீட்டில் அழுகை கேட்டது, அதற்கடுத்து வேறு வீடுகளில். பத்தொன்பதாம் நாளே மணி கேட்ட தண்டல் மனைவி எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். முப்பத்தைந்துவரை பதினாறு நாள் பாக்கி இருந்தது.

அந்தப் பதினாறு நாளும் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்லப் போகிறேன். மாமா திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்தேன். கடற்கரைப் பக்கம் யாராவது சத்தமாகப் பேசினால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்துவிட்டால், உயிரோடு இருக்கிறவருக்கு மணி அடிக்க வைத்தவள் நான். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தோணியைச் சுற்றிக் காட்டியவர் வரக்கூடாது என்று நான் ஜெபம்கூடச் செய்திருப்பேன், வார்த்தையாக இல்லாவிட்டாலும். அவர் வரவில்லை. யாருமே வரவில்லை. முப்பத்தாறாம் நாள் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

ரிசப்ஷனில் நாங்கள் பாடவில்லை. அதற்குப் பிறகு எங்குமே பாடவில்லை. மதினியோடு சண்டை ஒன்றும் இல்லை. அவள் கையைப் பிடித்ததைப் பற்றி நானும் பேசவில்லை, நான் பொய் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பேச எங்களுக்கு அதிகம் மிச்சமில்லை. அடுத்த வருஷம் அவளை மணப்பாடு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கிட்டாரைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு லீவில் வந்த அண்ணன், அதே இரண்டு பேரின் அடுத்த புது ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தான். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான், பாவம். ஒருநாள் சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் அம்மாவோடு இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவன் அதைப் போட்டுவிட்டான். இதில் பங்க் எல்லாம் கழன்று போயிருந்தது. முழுக்க ஆட்டம்தான். அந்தப் பெண் கத்தவே இல்லை. குரல் வழுவழுவென்று, ரேடியோவில் வருகிற யாரோ மாதிரி இருந்தது. அண்ணன் சொல்லியிராவிட்டால் நான் அடையாளமே கண்டிருக்க மாட்டேன்.

அத்தை இறால் உரித்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்தப் பொம்பளைதானே இது என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் புருஷன் வந்துவிட்டானா என்று கேட்டாள்.

ஒரு பொய்யை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். வந்துட்டான் என்று சொன்னால் அத்தை மட்டும் ஏன் பத்தொன்பது நாளில் மணி கேட்டாள் என்று ஆகும். "இல்ல அத்த, வரல" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டாள். பிறகு அடுத்த இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"பழகிட்டா போல," என்றாள்.